நாற்பத்தொன்று

வால்பரைசோவில் ரொட்டியை
நான்காகப் பிளக்கிற மாதிரிச் சுடுவார்கள்.
கோடு கோணினால் லிசாந்த்ரோ தொடமாட்டான்.
முனைக்கடை எதுவிகெஸ் அவனுக்கென்று ஒன்றை
விரலால் அளந்து எடுத்து வைப்பாள்.
பதினான்கு வருடம்.
ஒருநாளும் காரணம் கேட்டதில்லை.

காரணம் கேட்டவர்கள் வேறு.
நீள மேசை, ஏழு நாற்காலி,
கால் ஆடுகிற எட்டாவது எனக்கு.
"உங்கள் பையன் ஒத்துழைப்பதில்லை."
நான் துறைமுகத்தில் சரக்குப்பெட்டி எடைபோடுகிறவன்.
முத்திரையை உடைக்காமலே
உள்ளே சரக்கு உண்டென்று நம்பிப் பழகியவன்.
அதைச் சொல்லவில்லை.
சட்டப்பிரிவின் எண்ணைச் சொன்னேன்.
அதுவரை ஆயுளில் ஒரு சட்டமும் வாசித்ததில்லை.
மருத்துவமனைச் சலவையில் இரவெல்லாம் நின்றுவிட்டு வந்து
ரொசால்பாதான் பக்கங்களில் மஞ்சள் தாள் ஒட்டினாள்.
கோப்பு தடித்தது.
பிறகு இரண்டானது.

இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் நிலம் ஆடியது.
பிள்ளைகள் அழுதார்கள், ஆசிரியை அழுதாள்.
இவன் சுவரைப் பார்த்து நின்று எண்ணியிருக்கிறான்.
நாற்பத்தோரு வினாடி.
வானொலியும் கிட்டத்தட்ட அதையே சொன்னது.
அந்த வருட அறிக்கை:
'சூழலுக்கேற்ற உணர்ச்சி வெளிப்படவில்லை.'
இதைக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றாள் ரொசால்பா.
சிரித்தோம்.
பிறகு குளியலறையில்
வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இதையும் எழுதிவிடுகிறேன்.
ஒரு கிண்ணம் நிறைய உலர்திராட்சை வைத்திருந்தேன்.
என் கண்ணைப் பார். பார்த்தால் ஒன்று.
சொல்லிக்கொடுத்தவர்கள் படித்தவர்கள்.
அவனிடம் அப்போது பதினோரு சொற்கள்தான்,
அதில் ஒன்று 'வேண்டாம்'.
அதைப் பிடுங்க ஒரு குளிர்காலம் முழுக்கச் செலவழித்தேன்.
கடைசியில் பார்த்தான்.
கதவு எண்ணைப் பார்ப்பதுபோல.
நான் கைதட்டினேன்.

இன்றும் இனிப்பு ரொட்டியிலிருந்து
திராட்சைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி
என் தட்டின் ஓரத்தில் வைப்பான்.
கோபமெல்லாம் இல்லை.
நான் தின்றுவிடுவேன்.

பதினெட்டு முடிந்ததும் வந்த கடிதத்தில்
முதல்முறையாக என் பெயர் இல்லை.
திரு. லிசாந்த்ரோ.
இனி அவனுக்காக நான் கையெழுத்திடுவதா
என்று நீதிமன்றம் முடிவுசெய்யுமாம்.
கடிதத்தை இரண்டுமுறை வாசித்தான்,
உறையின் ஒட்டை முகர்ந்தான்,
சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மலையிலிருந்து இறங்கும் மின்தூக்கியில்
நான் வாதங்களை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.
அவன் மோட்டாரைக் கேட்டான்.
"ஒரு பல் தேய்ந்திருக்கிறது" என்றான்.
அறை வாசலில்
கோப்பின்மேல் உள்ளங்கையை வைத்து
என் நெஞ்சோடு அழுத்தினான்.
"அப்பா வெளியே."

நடைக்கூடம். பெஞ்சு.
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
தள்ளுவண்டியோடு போன பெண்ணொருத்தி
"யாருக்காக வந்திருக்கிறீர்கள்?" என்றாள்.
நல்ல கேள்வி.
பதினான்கு வருடமாகப் பதில் தயாராக இருந்த கேள்வி.

அப்போது கதவு வழியே கேட்டது,
தட்டையாக, தேவைக்கு மேல் உரக்க:
வேண்டாம்.
கொஞ்சம் இடைவெளி.
மறுபடி வேண்டாம்.
எதை வேண்டாம் என்றான்?
என்னையா, தண்ணீரையா, மின்விசிறிச் சத்தத்தையா?
எதுவாக இருந்தால் என்ன,
நான் பிடுங்கிய இடத்தில்
அது வேரோடு இருந்திருக்கிறது.

எண்ண ஆரம்பித்தேன்.
நாற்பத்தொன்றில் ஒன்றும் நடக்கவில்லை.
தொண்ணூற்றில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
எண்ணூறுக்குப் பிறகு தவறவிட்டேன்.

வந்தான். காதுமூடிகள் கழுத்தில்.
"என்ன சொன்னார்கள்?"
என் தோளுக்கு அப்பால் கடிகாரத்தைப் பார்த்தான்.
"டிராலி பஸ் நான்கு நிமிடத்தில்," என்றான்.
"எதுவிகெஸ் ஒரு மணிக்குக் கடையடைப்பாள்."